எது முதலில், எது அப்புறம்: எண்டோகிரைனாலஜி படிக்க வருகிறவர்களுக்கு

பொது மருத்துவப் பயிற்சியை முடித்துவிட்டு, ஹார்மோன் சுரப்பிகளின் நோய்களைப் பார்க்கும் எண்டோகிரைனாலஜிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் ஏன் இந்தத் துறை என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். மூளைக்கு வேலை கொடுக்கும் துறை. ராத்திரி டியூட்டி குறைவு. ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கும், அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் போதும். முதல் இரண்டில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. மூன்றாவது எண்ணத்தோடு வருகிறவர்களைத்தான் முதல் ஆறு மாதம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கவனிக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் துறையில் படித்து, இப்போது படிக்கிறவர்களோடு தினமும் வார்டிலும் ஓபியிலும் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாங்கள் சொல்லித்தருவதில் பெரும்பங்கு வரிசைதான். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது, எந்த மருந்தை முதலில் கொடுப்பது. சரியான மருந்து, சரியான அளவு, ஆனால் வரிசை மாறினால் ஆளையே கொண்டுபோய்விடும் இடங்கள் இந்தத் துறையில் பல உண்டு.

ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகத்துக்கு மேலே இருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி செயலிழந்த ஒருவருக்குத் தைராய்டும் குறைவாக இருக்கிறது. தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்த இந்த அட்ரினல் நோயும் தைராய்டுக் குறைவும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அரிது அல்ல. இப்படிச் சேர்ந்து வரும்போது இரண்டுமே பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பிகளையே தாக்குவதால் வருபவை. சோர்வு என்று வருகிறார், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோன் கூடியிருக்கிறது, தைராய்டு ஹார்மோனான தைராக்ஸினை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தைராக்ஸின் உடலின் இயக்கத்தை முடுக்கும், கார்ட்டிசால் கரைந்து வெளியேறும் வேகத்தையும் கூட்டும். ஏற்கெனவே கையிருப்பில் கொஞ்சமே கார்ட்டிசால் உள்ளவருக்கு அதுவும் போய்விடும். சில நாட்களில் வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, அவசர சிகிச்சைப் பிரிவு. கார்ட்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டை முதலில் கொடுத்துவிட்டுத் தைராக்ஸினை அப்புறம் தொடங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இன்னொன்றும் உண்டு: அடிசன் நோயில் கார்ட்டிசால் இல்லாததாலேயே டிஎஸ்ஹெச் சற்றுக் கூடித் தெரியலாம். ஸ்டீராய்டு கொடுத்து சில வாரம் கழித்துப் பார்த்தால் அது தானாக இறங்கியிருக்கும், தைராக்ஸினே தேவைப்படாமல் போகலாம்.

ஃபியோகுரோமோசைட்டோமாவும் அப்படித்தான். அட்ரினலில் வரும் இந்தக் கட்டி அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கொட்டும். நெஞ்சு படபடக்கிறது, நாடித்துடிப்பு 120 ஓடுகிறது என்று முதலில் பீட்டா தடுப்பு மருந்தைக் கொடுத்தால், ரத்தக் குழாயை விரிக்கும் வழி அடைபட்டு, சுருக்கும் வழி மட்டும் திறந்திருக்கும். ரத்த அழுத்தம் எகிறும். முதலில் சுருக்கும் வழியை அடைக்கும் ஆல்ஃபா தடுப்பு, உப்பும் நீரும் தாராளமாக, அறுவைக்கு முன் ஒன்றிரண்டு வாரம் இந்தத் தயாரிப்பு, பீட்டா தடுப்பு அதற்குப் பிறகுதான். இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸில் வரும் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் உயிர்காக்கும் மருந்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே 3.5-க்குக் கீழே இருந்தால் இன்சுலின் காத்திருக்க வேண்டும். அது பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ளிவிடும், இதயத் துடிப்பு குழம்பும்.

இதெல்லாம் தேர்வுக்குப் படிக்கிற எந்த மாணவரும் ஒப்பிப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு, பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது, 'கொஞ்சம் பொறுங்கள், பொட்டாசியம் வரட்டும்' என்று சொல்லும் துணிவு வேறு. அது வார்டில் நின்றால் மட்டும்தான் வரும்.

மருந்தின் வரிசையைவிட மெதுவாகப் பிடிபடுவது பரிசோதனையின் வரிசை. முதலில் சந்தேகம், பிறகு ஹார்மோன் அளவால் உறுதி, கடைசியில்தான் ஸ்கேன். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கும் ஆசை இன்றைக்கு மிக அதிகம், ஏனென்றால் ஸ்கேன் எடுப்பது எளிது. பிரேதப் பரிசோதனைகளில் தேடியபோது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, மூளையின் அடியில் இருந்து மற்றச் சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி இருந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அதனால் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்தவர்கள். அட்ரினலிலும் வயது கூடக்கூட இப்படிப்பட்ட முடிச்சுகள் சிடி ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும். தலைவலிக்கு எம்ஆர்ஐ எடுத்து, 4 மில்லிமீட்டர் புள்ளி ஒன்று தெரிந்து, 'மூளையில் கட்டி' என்ற சொல்லை வீட்டுக்குச் சுமந்துபோன பிறகு, அது எதுவும் செய்யாத கட்டி என்று புரியவைக்க ஒரு மணி நேரம் பேசினாலும் போதாது. பயிற்சி மருத்துவர் ஒருவர், கார்ட்டிசால் மிகுதியால் வரும் குஷிங் நோயைச் சந்தேகித்து நேராக எம்ஆர்ஐ கேட்டால் நான் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதில்லை.

அப்போது கேட்பது இதைத்தான். நோயாளியைக் குத்தவைத்து உட்காரச் சொல்லி, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னீர்களா? குஷிங்கில் தொடைத் தசை முதலில் வலுவிழக்கும். வயிற்றுக் கோடுகளைப் பார்த்தீர்களா? உடல் பருத்த யாருக்கும் வெளிறிய கோடுகள் இருக்கலாம். குஷிங்கில் அவை ஊதா நிறத்தில், ஒரு சென்டிமீட்டருக்கும் அகலமாக இருக்கும். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தீர்களா? மூட்டு வலிக்கு ஊசி, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து, படைக்குக் களிம்பு என்று எங்காவது ஸ்டீராய்டு உள்ளே போகிறதா என்று கேட்டீர்களா? வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டுதான் இந்தத் தோற்றத்துக்கு மிகப் பொதுவான காரணம். இதையெல்லாம் முடித்த பிறகு, ராத்திரி பதினொரு மணிக்கு, கார்ட்டிசாலை இறக்க வேண்டிய செயற்கை ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் 1 மில்லிகிராம், மறுநாள் காலை எட்டு மணிக்குக் கார்ட்டிசால். டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் குஷிங் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இறங்காவிட்டாலும் உடனே குஷிங் என்று முத்திரை குத்திவிட முடியாது. முடிவைத் தப்பாகக் கூட்டிக் காட்டும் கருத்தடை மாத்திரையோ, வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினோ அவர் சாப்பிடுகிறாரா, ராத்திரி அந்த மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினாரா என்பதைக் கேட்க வேண்டும். இது பயிற்சியில் கற்கும் பொறுமை. முதலில் எரிச்சலாக இருக்கும்.

இந்தத் துறையில் டாக்டர் படுக்கை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே ஆகவேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. இன்சுலின் கொடுத்து வேண்டுமென்றே ரத்தச் சர்க்கரையை 40-க்குக் கீழே இறக்கி, பிட்யூட்டரியும் அட்ரினலும் விழித்துக்கொள்கின்றனவா என்று பார்ப்பது. வலிப்பு உள்ளவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் செய்யக் கூடாது. மற்றவர்களுக்கும் விளையாட்டல்ல. ஊசி போட்டு இருபது நிமிடம் போல எதுவும் தெரியாது. அப்புறம் மேலுதட்டில் வேர்வை அரும்பும். பேச்சு மெதுவாகும். 'பசிக்குது' என்பார், அல்லது எதற்கென்றே தெரியாமல் எரிந்து விழுவார். ஒரு கையில் நாடி, பக்கத்தில் குளுக்கோஸ் தயாராக, நேரத்தைக் குறித்துக் குறித்து ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு குழாயில் நேரம் தப்பாக எழுதப்பட்டால் மொத்தப் பரிசோதனையும் வீண். அந்த ஒன்றரை, இரண்டு மணி நேரம் பயிற்சி மருத்துவர் எழுந்து போகக் கூடாது என்பது நான் விட்டுக்கொடுக்காத விதி. கார்ட்டிசால் ஏன் வேண்டும், தாழ்சர்க்கரை எப்படி ஒரு மனிதரின் குணத்தையே மாற்றும் என்பது அந்த நாற்காலியில் புரிவதுபோல வேறெங்கும் புரியாது. இப்போது பல இடங்களில் அட்ரினலைத் தூண்டும் சினாக்தன் ஊசி போட்டு அரை மணி, ஒரு மணி கழித்துக் கார்ட்டிசால் பார்த்து முடித்துவிடுகிறார்கள். பாதுகாப்பானது, பெரும்பாலோருக்கு அதுவே போதும். ஆனாலும் இந்தப் பழைய பரிசோதனையைப் பார்க்காமலே ஒருவர் பயிற்சி முடித்து வெளியே போகிறார் என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆய்வகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அங்கேதான் பயிற்சிகள் பல கோட்டை விடுகின்றன. ரத்தத்தில் நம்ப முடியாத அளவு கொஞ்சமாக இருக்கும் ஹார்மோனை அளக்க வழி கண்டவர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். கதிரியக்கம் பூசிய இன்சுலினை வைத்து அவர்கள் உருவாக்கிய முறைதான் இந்தத் துறையை ஊகத்திலிருந்து அளவைக்குக் கொண்டுவந்தது. யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972-லேயே இறந்துவிட்டதால் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் கருவிகள் வேறு, ஆனால் அடிப்படை அதே: ஒரு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஹார்மோனைப் பிடிக்க வேண்டும். அது தவறானதைப் பிடித்தாலும், பிடிக்க முடியாமல் திணறினாலும், தாளில் ஓர் எண் வரத்தான் செய்யும்.

பெரிய பிட்யூட்டரிக் கட்டி, பார்வை மங்குகிறது, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் மட்டும் கொஞ்சமே கூடியிருக்கிறது. அவசரப்பட்டால் நேராக அறுவை அரங்குக்குப் போய்விடுவார். ஆய்வகத்தைக் கூப்பிட்டு, 'நூறு மடங்கு நீர்த்துத் திரும்பவும் பாருங்கள்' என்றால் அதே ரத்தத்தில் புரோலாக்டின் ஆயிரக்கணக்கில் வரலாம். ஹார்மோன் அளவுக்கு மீறி இருந்ததால் எதிர்ப்பொருள்கள் எல்லாம் தனித்தனியாக நிறைந்துபோய், கருவி குறைவென்று காட்டியிருக்கிறது. அப்படியென்றால் அது புரோலாக்டின் கட்டி. கேபர்கோலின் மாத்திரையிலேயே பெரும்பாலும் சுருங்கிவிடும், கத்தி தேவைப்படாமலே போகலாம். ஒரு தொலைபேசி அழைப்பில் ஒருவருடைய தலையில் அறுவை தவிர்க்கப்படுகிறது. முடி வளர, நகம் வளர என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை அதிக அளவில் சாப்பிடுகிறவர்களின் பரிசோதனையில் சில கருவிகள் டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் தைராக்ஸினைக் கூட்டியும் காட்டும். தாளைப் பார்த்தால், தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய், அச்சு அசல். ஆளைப் பார்த்தால் கை நடுங்கவில்லை, எடை குறையவில்லை, நாடி நிதானமாக ஓடுகிறது. இரண்டு, மூன்று நாள் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்பப் பார்த்தால் போதும். பயிற்சிக் காலத்தில் சில வாரங்களையாவது ஆய்வகத்துக்குள் கழிக்க வைக்க வேண்டும், சுற்றிப் பார்க்க அல்ல, அங்கே இருப்பவர்களோடு சேர்ந்து வேலை செய்ய. எந்த எண்ணைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நம்மிடம் யாரும் கேட்காததால் சொல்லாமல் இருக்கிறார்கள்.

எண் சரியாகவே இருந்தும் கேள்வி தப்பாகப் போகும் இடமும் உண்டு. ஓபியில் அடிக்கடி வரும் வகை நோயாளி ஒருவரைச் சொல்கிறேன். நாற்பதை ஒட்டிய வயது, பல வருடச் சோர்வு, குளிர் தாங்கவில்லை, முகம் வெளிறியிருக்கிறது. கையில் தடித்த கோப்பு, உள்ளே திரும்பத் திரும்ப எடுத்த டிஎஸ்ஹெச், எல்லாம் இயல்பு. 'தைராய்டு இல்லை' என்று ஒவ்வொரு தாளிலும் எழுதியிருக்கும். நம் பயிற்சி மருத்துவர் அவரிடம் மெல்லக் கேட்கிறார்:

"அம்மா, கடைசிக் குழந்தை பிறந்தப்போ ரத்தம் அதிகமாப் போச்சா?"

"ரத்தம் ஏத்தினாங்க. பிழைச்சதே பெருசுன்னு சொன்னாங்க."

"குழந்தைக்குப் பால் கொடுத்தீங்களா?"

"பாலே ஊறலை டாக்டர். அதுக்கப்புறம் தூரமும் வரலை."

நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பிரசவ ரத்தப்போக்கில் பிட்யூட்டரி கருகிப்போகும் இந்த நிலையை ஹரால்டு ஷீஹன் 1937-இல் விவரித்தார். பிட்யூட்டரியே பழுதான பிறகு அது சுரக்கும் டிஎஸ்ஹெச்சை வைத்துத் தைராய்டை எடைபோட முடியாது. தைராக்ஸின் அளவை நேராகப் பார்த்தால் தரையில் கிடக்கும். காலைக் கார்ட்டிசாலும் கிடக்கும். இங்கேயும் ஸ்டீராய்டு முதலில், தைராக்ஸின் அப்புறம். இந்த நான்கு வரிப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பல வருடங்கள் இருக்கின்றன. யாரோ ஒருவர் பிரசவத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் அவை வீணாகியிருக்காது. கேள்வி கேட்பதற்கு மதிப்பெண் தராத பயிற்சித் திட்டங்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, இதெல்லாம் அரிய நோய்கள். நாள்தோறும் ஓபியை நிறைப்பது சர்க்கரை நோய். இளம் மருத்துவர்களில் சிலர் அதைச் சலிப்பான வேலையாக நினைக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஏற்புடையதல்ல. 1922 ஜனவரி 11 அன்று டொரண்டோவில் 14 வயது லியனார்டு தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அது தூய்மையாக இல்லை, சரியாக வேலை செய்யவில்லை. ஜேம்ஸ் காலிப் அதைச் சுத்திகரித்த பிறகு ஜனவரி 23-இல் போட்ட ஊசிதான் பலன் தந்தது. அன்றுவரை பட்டினி போட்டுக் கொஞ்ச காலம் உயிரை நீட்டிப்பது மட்டுமே சிகிச்சை. அந்த மருந்தை நோயாளியின் வயிற்றில் எந்த இடத்தில் போடுகிறார் என்று கூடப் பார்க்காமல் அளவைக் கூட்டி எழுதுவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

சட்டையைத் தூக்கச் சொல்லி விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தட்டுப்படும். வலிக்காத ஒரே இடம் என்று தொப்புளுக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்கில் போட்டிருப்பார். அங்கே கொழுப்பு தடித்து, இன்சுலின் ஒருநாள் உறிஞ்சும், ஒருநாள் உறிஞ்சாது. சர்க்கரை தாறுமாறாக இருக்கும். நாம் அளவைக் கூட்டுவோம். ஒருநாள் அவர் இடம் மாற்றிப் போடுவார், மொத்த மருந்தும் உள்ளே போய் மயங்கி விழுவார். இடத்தை முதலில் பார்க்க வேண்டும், அளவை அப்புறம் கூட்ட வேண்டும், இடம் மாற்றும்போது குறைக்கவும் வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் இன்சுலின் ஊசியில் உப்புநீரை ஏற்றித் தங்கள் வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும், சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரை இரண்டு வாரம் கையில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். ராத்திரி அது அலறி எழுப்பிய பிறகு, 'ஏன் சென்சாரைக் கழற்றி வைத்தீர்கள்' என்று நோயாளியிடம் கேட்கும் குரலே மாறிவிடுகிறது.

குழந்தைகள் பக்கம் நான் அதிகம் போவதில்லை, அது தனிக் கடல். ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவரையும் சில நேரம் கூப்பிடுவார்கள். பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்று பிறப்புறுப்பைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அட்ரினலில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற என்சைம் இல்லாத பிறவிக் குறைபாடாக இருக்கலாம். அப்படியானால் இரண்டாவது வாரத்தை ஒட்டி உப்பு வெளியேறிக் குழந்தை சுருண்டுவிடக்கூடும். ரத்தத்தை எடுத்துவைத்துவிட்டு, குழந்தை தளர்ந்திருந்தால் முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தொடங்க வேண்டும். அதே நேரத்தில் வெளியே நிற்கும் தாய் தகப்பனிடம் என்ன சொல்வது? ஊகித்து ஒன்றைச் சொல்லிவிட்டு இரண்டு நாளில் மாற்றிச் சொல்வதைப்போலக் கொடுமை இல்லை. 'குழந்தை நன்றாக இருக்கிறது. உறுப்புகளின் வளர்ச்சி முழுமையாகவில்லை. சில பரிசோதனை முடிவு வரும்வரை ஆண், பெண் என்று யாரிடமும் அறிவிக்க வேண்டாம், பெயரும் வைக்க வேண்டாம்.' இந்தச் சொற்களை அனுபவமுள்ள ஒருவர் சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

பயிற்சிக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பொது மருத்துவத்துக்குப் பிறகு இரண்டு வருடம். இந்தியாவில் எம்.டி.க்குப் பிறகு டி.எம். என்ற மூன்று வருட மேற்படிப்பு. பிரிட்டனில் பொது மருத்துவத்தோடு சேர்த்து இன்னும் நீளும். எத்தனை வருடம் என்பதைவிட, அந்த வருடங்கள் எங்கே கழிகின்றன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலான இடங்களில் பயிற்சி மருத்துவர் வார்டிலேயே கட்டிப்போடப்படுகிறார், ஏனென்றால் வார்டை ஓட்ட ஆள் வேண்டும். இந்தத் துறையின் நோய்களோ ஓபியில் வாழ்கின்றன, வருடக்கணக்கில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாறும் மருத்துவர், தான் தொடங்கிய மருந்து என்ன செய்தது என்று பார்க்கவே மாட்டார்.

அதனால் ஒரு மாற்றத்தை வற்புறுத்தி வருகிறேன். சேர்ந்த முதல் மாதமே ஒவ்வொருவருக்கும் ஓபி நோயாளிகளில் ஒரு சிறு கூட்டத்தைச் சொந்தமாக ஒப்படைத்துவிட வேண்டும். வார்டு எங்கே மாறினாலும் அவர்களை இவரே பார்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஸ்டீராய்டை நம்பி வாழும் ஒருவராவது இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்கவும், வாந்தி எடுத்தால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு வரவும் அவருக்கும் வீட்டாருக்கும் கற்றுத்தர வேண்டும். அடுத்த முறை வரும்போது அவர்களைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோயோடு குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் வயதில் ஒருவரும் இருக்க வேண்டும். அந்த மாற்றத்தில்தான் பலர் சிகிச்சையை விட்டுவிட்டுக் காணாமல் போகிறார்கள். பழைய மருத்துவரும் புதியவரும் ஒரே அறையில் அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டும், ஒருமுறையாவது. பதினெட்டு வயதுக்காரர் ஒருவர் அடுத்த தேதிக்கு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்பதும் பயிற்சி மருத்துவரின் வேலையாகவே எழுதப்பட வேண்டும்.